அடுத்த உறக்கம் எங்கே: ஸ்வால்பார்ட் கடலில் தனியாகப் பாய்மரப் படகில்

கடலில் மோதல்களைத் தவிர்ப்பதற்காக 1972இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு விதிகளில் ஐந்தாவது விதி, எந்தக் கலமாயினும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும் தக்க கண்காணிப்பை மேற்கொண்டிருக்க வேண்டும் என்கிறது. தனியாகப் பாய்மரப் படகு செலுத்துபவர் கண்ணயரும் ஒவ்வொரு முறையும் இந்த விதியை மீறுகிறார். வெப்பக் கடல்களில் இதைப் பலரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அங்கே மோத வாய்ப்புள்ளவை பெரும்பாலும் கப்பல்கள். அவை தம் பெயரையும் திசையையும் வேகத்தையும் ஏஐஎஸ் கருவி மூலம் அறிவித்துக்கொண்டேதான் வருகின்றன. பனிக்கட்டி எதையும் அறிவிப்பதில்லை. வடக்கு நோர்வேயிலிருந்து ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்துக்குக் கோடைக் காலங்களில் தனியாகப் போய்வரும் எனக்கு, குளிரையும் கரடியையும் காற்றையும் விடப் பெரிய சிக்கலாக இருப்பது இதுதான். அடுத்த உறக்கம் எங்கே, எத்தனை மணி நேரம் என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகே மற்ற எல்லாவற்றையும் திட்டமிடுகிறேன். படகைத் தேர்ந்ததும், அடுப்பைப் பொருத்தியதும், வரைபடத்தில் கோடு இழுப்பதும் அந்த ஒரு கேள்வியை ஒட்டியே.

நான் பின்மார்க் மாவட்டத்தில் வளர்ந்தவன். யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வேக்கு வந்த தமிழர்களில் பலர் 1980களில் வடகோடியிலுள்ள மீன்பதனிடும் தொழிற்சாலைகளில் வேலைக்கு அமர்ந்தார்கள். என் பெற்றோரும் அவ்வாறு வந்தவர்களே. ஆகவே பனிக்கடலும் நடுநிசிச் சூரியனும் எனக்குச் சிறுவயதிலிருந்தே பழகியவை. பழகியிருந்தது கரை மட்டும்தான் என்பதையும் சொல்ல வேண்டும். கரையிலிருந்து பார்க்கும் குளிர் வேறு. நனைந்த கையுறையோடு பாயைச் சுருக்கும்போது அறியும் குளிர் வேறு.

என் படகு 10 மீட்டர் நீளமுள்ள, உருக்கினால் கட்டப்பட்ட பழைய படகு. கண்ணாடியிழைப் படகுகளும் ஆண்டுதோறும் ஸ்வால்பார்டுக்கு வந்து நலமாகத் திரும்புகின்றன என்பதால் உருக்கு கட்டாயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் தனியாளுக்கு உருக்கு தருவது ஒருவகை மன்னிப்பு. மெல்லிய வேகத்தில் ஒரு பனித்துண்டைத் தட்டினால் வண்ணம் உரியும், தகடு நெளியும், அவ்வளவோடு போகும். கண்காணிப்பில் ஒரு நிமிட இடைவெளி விழுவதைத் தவிர்க்க முடியாதவர், அந்த இடைவெளிக்கான விலையைக் குறைத்து வைத்துக்கொள்வதே அறிவுடைமை. எடையும் மந்தமும் துருவும் அதற்கு ஈடாக நாம் கொடுப்பவை. துருவோடு போராடும் வசந்தகால வேலை தனிக் கதை.

படகின் உள்ளே நான் அதிகம் மதிக்கும் பொருள் டென்மார்க்கில் செய்யப்பட்ட ரெஃப்லெக்ஸ் டீசல் அடுப்பு. டீசல் சொட்டுச் சொட்டாக விழுந்து எரியும் எளிய அமைப்பு. மின்சாரம் வேண்டியதில்லை, விசிறியின் இரைச்சலும் இல்லை. துருவக் கடலில் உறக்கத்தைக் கெடுப்பது காற்றின் குளிரைக் காட்டிலும் ஈரம்தான். மூச்சுக்காற்றும் சமையல் நீராவியும் உருக்குச் சுவரில் படிந்து, ஒழுகி, மெத்தையின் அடியில் தேங்குகின்றன. படகின் உட்புறம் முழுவதும் நீர்க்கோட்டுக்கு மேலே வெப்பக்காப்புத் தகடு பொருத்தியதும், மெத்தைக்குக் கீழே காற்றோடும் சட்டம் வைத்ததும், அடுப்பைத் தணிக்காமல் எரியவிட்டதும் சேர்ந்துதான் உலர்ந்த படுக்கையைத் தந்தன. எரியும் அடுப்போடு மூடிய அறையில் உறங்குபவர் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இரண்டு வைத்திருக்க வேண்டும். காற்றுத் துளையை எந்தக் குளிரிலும் அடைக்கக் கூடாது. துணையோடு செல்பவருக்குத் தலைவலி வந்தால் அதைக் கவனித்துச் சொல்ல இன்னொருவர் இருப்பார். தனியாளுக்கு அந்தக் கருவிதான் இன்னொருவர்.

ட்ரொம்சோவிலிருந்து வடக்கே பியோர்னோயா எனப்படும் கரடித் தீவு ஏறத்தாழ 300 கடல்மைல். அங்கிருந்து ஸ்வால்பார்டின் முதன்மைத் தீவான ஸ்பிட்ஸ்பெர்கனின் தென்முனையான சோர்காப் இன்னும் 120 கடல்மைல் சொச்சம். ஜூலை மாதத்தில் முதல் பகுதியில் பனிக்கட்டியைச் சந்திக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே உறக்கத்தைச் சேமிக்கும் இடம் அதுவே. கரையோர மீன்பிடிப் பகுதியைத் தாண்டி, ஆழம் 300, 400 மீட்டர் என்று விழுந்தபின், ஏஐஎஸ் எச்சரிக்கையையும் ரேடார் காவல் வளையத்தையும் இயக்கிவிட்டு இருபது நிமிடத் துண்டுகளாகத் தூங்குகிறேன். இருபது நிமிடம் என்பது மந்திர எண் அன்று. அடிவானத்துக்கு அப்பாலிருந்து வேகமாக வரும் சரக்குக் கப்பல் நம்மை நெருங்க எடுக்கும் நேரத்தை ஒட்டி, தனியாகக் கடலோடுபவர்களிடையே நிலைத்த வழக்கம் அது. இழுவலைப் படகுகள் கூட்டமாக வேலைசெய்யும் திட்டுகளில் அந்த இருபதும் அதிகம். அங்கே நான் உறங்குவதே இல்லை.

கரடித் தீவில் முழுமையான துறைமுகம் எதுவும் இல்லை. வடபுறத்தில் வானிலை நிலையத்துக்கு அருகே ஹெர்விக்ஹாம்னாவும், தென்புறத்தில் சோர்ஹாம்னாவும் ஒவ்வொரு காற்றுக்கு ஒதுங்கும் இடங்கள். வடக்குக் காற்றென்றால் தெற்கில், தெற்குக் காற்றென்றால் வடக்கில் நங்கூரமிட்டு, காற்று மாறும்வரை உறங்கலாம். பலர் நேரத்தை மிச்சப்படுத்த இந்தத் தீவைக் கடந்து நேரே வடக்கே ஓடிவிடுகிறார்கள். துணையோடு செல்பவர்களுக்கு அது சரி. தனியாள் சோர்காப்பை நெருங்கும்போது உறங்கித் தெளிந்த தலையோடு நெருங்க வேண்டும். ஏனென்றால் முதல் பனி பெரும்பாலும் காத்திருக்கும் இடம் அதுதான்.

இதற்குக் காரணம் இரண்டு நீரோட்டங்கள். அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் மேற்கு ஸ்பிட்ஸ்பெர்கன் நீரோட்டமாக மேற்குக் கரையோரம் வடக்கே ஏறுகிறது; அதனால்தான் 78 பாகை வடக்கிலும் அந்தக் கரை கோடையில் திறந்து கிடக்கிறது. தீவின் கிழக்கே ஆர்க்டிக்கின் குளிர்நீர் தெற்கே இறங்கி, கடற்பனியைச் சுமந்துகொண்டு சோர்காப்பைச் சுற்றி மேற்குக் கரைக்குள் திரும்புகிறது. ஆகவே வடக்கே திறந்த கடலாக இருக்கும்போதே, தெற்கிலுள்ள ஹோர்ன்சுண்ட் குடாவின் வாய் பனியால் அடைபட்டிருக்கும் விந்தையை ஜூன், ஜூலை மாதங்களில் காணலாம். வடக்கே போகப் போகப் பனி கூடும் என்ற எளிய எண்ணத்தோடு வருபவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். நான் சோர்காப்பிலிருந்து குறைந்தது 30 கடல்மைல் மேற்கே விலகி, வெதுவெதுப்பான நீரின் மேலேயே ஏறிச் செல்கிறேன். கடல்நீரின் வெப்பநிலை 5 பாகையிலிருந்து 2 பாகைக்கு இறங்கினால், எதுவும் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இன்னும் மேற்கே திரும்புகிறேன். படகிலுள்ள கருவிகளில் மிக மலிவானது நீர் வெப்பமானி; பனிக்கு அண்மையை அது பலமுறை ரேடாருக்கு முன்பே சொல்லியிருக்கிறது.

நோர்வே வானிலை நிறுவனம் வெளியிடும் பனி வரைபடத்தைப் படிக்கத் தெரியாமல் இங்கே வரவே கூடாது. கடற்பரப்பைப் பத்துப் பங்காகக் கொண்டு, பனி மூடிய பங்கு எத்தனை என்று வண்ணம் தீட்டியிருப்பார்கள்: ஒரு பங்குக்கும் குறைந்தால் திறந்த நீர், ஒன்று முதல் நான்கு வரை மிகத் தளர்ந்த மிதவைப் பனி, நான்கு முதல் ஏழு வரை தளர்ந்தது, அதற்கு மேல் நெருங்கியது. வரைபடம் வேலைநாள்களில் பிற்பகலில் மட்டுமே வெளியாகிறது. சனி, ஞாயிறில் இல்லை. கேட்கச் சிறிய செய்தியாக இருக்கும் இது தனியாளின் திட்டத்தையே மாற்றக்கூடியது. காற்றால் தள்ளப்படும் கடற்பனி காற்றின் வேகத்தில் ஏறத்தாழ நூற்றில் இரண்டு பங்கு வேகத்தில் நகரும். அதுவும் காற்றடிக்கும் திசையிலேயே போகாமல், வட அரைக்கோளத்தில் அதற்கு வலப்புறமாக விலகிப் போகும். 1893 முதல் 1896 வரை ஃப்ராம் கப்பலைப் பனியில் உறையவிட்டு மிதந்து சென்ற நோர்வே ஆய்வுப்பயணி நான்சன், இந்த விலகல் 20 முதல் 40 பாகை வரை இருப்பதைக் கண்டு குறித்தார். அதன் காரணத்தைப் பின்னர் சுவீடனின் எக்மன் கணிதமாக விளக்கினார்.

இந்த அறிவை அன்றாடக் கணக்காக்குவது எளிது. காற்று 20 நாட் (மணிக்கு 20 கடல்மைல்) என்றால் பனி 0.4 நாட் வேகத்தில் நகரும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10 கடல்மைல். வெள்ளிக்கிழமை பிற்பகல் வரைபடத்தில் 30 கடல்மைல் தொலைவில் இருக்கும் பனி விளிம்பு, கிழக்குக் காற்று விடாமல் வீசினால் திங்கள் பிற்பகலுக்குள் நம் நங்கூரத்தடிக்கே வந்துவிடலாம். ஆகவே வார இறுதியில் பனி விளிம்புக்கு அருகே உள்ள குடாக்களை நான் தவிர்க்கிறேன். வெள்ளியன்றே, காற்று எந்தப் பக்கம் மாறினாலும் வெளியேற வழியுள்ள இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறேன். இரண்டு வழி உள்ள நீரிணை, ஒரு வழி மட்டும் உள்ள குடாவைவிட எப்போதும் மேல் என்று நினைக்கத் தோன்றும். ஹின்லோப்பன் நீரிணையில் ஓடும் வலிய நீரோட்டம், பனியை இரு முனைகளிலும் ஒரே நாளில் கொண்டுவந்து அடைக்க வல்லது என்பதால் அந்த விதியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

வரைபடம் சொல்லாததைக் கடலும் வானமும் சொல்கின்றன. தாழ்ந்த மேகத்தின் அடிவயிற்றில் அடிவானத்தை ஒட்டி வெண்மையான ஒளிர்வு தெரிந்தால் அதன் கீழே பனிப்பரப்பு இருக்கிறது. அந்த வெண்மையின் நடுவே கருமையான கீற்று தெரிந்தால் அங்கே திறந்த நீர் இருக்கிறது. அலையின் நெடிய ஏற்ற இறக்கம் காரணமின்றித் தணிந்தால் காற்றுப் பக்கத்தில் பனி கிடக்கிறது என்று பொருள். மூடுபனியும் அப்படித்தான்: வெதுவெதுப்பான காற்று குளிர்நீரின் மேல் படியும் எல்லையில் அது நாள்கணக்கில் நிற்கும். மூடுபனிக்குள் நம்மை உண்மையில் அச்சுறுத்துவது பெரிய பனிப்பாறை அன்று; அது ரேடாரில் தெளிவாகத் தெரியும். நீர்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டருக்கும் குறைவாகத் தலைகாட்டும், குரோலர் என்று கடலோடிகள் அழைக்கும் துண்டுகளே ஆபத்தானவை. பனியாற்றிலிருந்து உடைந்த பழைய பனி என்பதால் அவை கல்லைப்போல் இறுகியிருக்கும். நிறம் பச்சையாகவோ கண்ணாடிபோல் தெளிந்தோ இருப்பதால் நீரோடு கலந்துவிடும். அவற்றின் பருமனில் பத்தில் ஒன்பது பங்கு நீருக்குள் இருக்கும். சற்றே அலையிருந்தால் ரேடார் திரையில் அலையின் இரைச்சலுக்குள் மறைந்துபோகும்.

இவற்றுக்கிடையே செல்லும்போது நான் வைத்திருக்கும் ஒழுங்கு கண்டிப்பானது. முதல் குரோலரைக் கண்டதும் தானியங்கிச் சுக்கானை நிறுத்திவிட்டுக் கையால் செலுத்துகிறேன். வேகம் 3 நாட்டுக்கு மேல் போவதில்லை. எதிரொளியை வெட்டும் கண்ணாடி அணிகிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசியாக எப்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் உறங்கினேன் என்பதைக் கணக்குப் புத்தகத்தில் பார்க்கிறேன். அது பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன் என்றால், பனி எவ்வளவு தளர்ந்திருந்தாலும் உள்ளே போகாமல், வந்த வழியே திறந்த நீருக்குத் திரும்பி, முன்பாயை எதிர்ப்பக்கம் பிடித்து, சுக்கானைக் காற்றுப் பக்கம் கட்டி, படகை மிதக்கவிட்டு உறங்கிவிட்டு மறுபடி வருகிறேன். படகு மெல்லக் காற்றின் கீழ்ப்பக்கம் நகரும். ஆகவே பனிக்குக் கீழ்க்காற்றில் நின்று மிதக்கவிட வேண்டும் என்று தோன்றும். ஆனால் பனியும் அதே பக்கம் நகரும், சிதறிய துண்டுகளும் விளிம்பின் கீழ்க்காற்றில்தான் நீளமாகப் பரவிக் கிடக்கும். எனவே முடிந்த இடங்களில் விளிம்புக்கு மேல்காற்றில், பல கடல்மைல் தள்ளி நிற்பதே நல்லது. கடல் அங்கே சற்று முரடாக இருக்கும். நீர் தெளிவாக இருக்கும்.

பத்தில் மூன்று பங்குக்கு மேல் பனி இருந்தால் தனியாள் உள்ளே நுழையலாகாது என்பது என் வரம்பு. இருவர் இருந்தால் ஒருவர் படகின் முன்முனையான அணியத்தில் நின்று நீண்ட கழியால் பனித்தட்டைத் தள்ள, மற்றவர் சுக்கானைப் பார்த்துக்கொள்ளலாம். தனியாளால் ஒன்றைத்தான் செய்ய முடியும். கழியை எடுத்துக்கொண்டு முன்னே ஓடும் அந்த அரை நிமிடத்தில் படகு தன்னிச்சையாகத் திரும்பி, இன்னொரு தட்டின் மேல் பின்புறத்தைக் கொடுத்துவிடும். பின்னோக்கி இயக்குவது இன்னும் சிக்கலானது, ஏனெனில் பனி நேரே சுழலியையும் சுக்கானையும் தாக்கும். பின்னோக்கிச் செல்ல வேண்டியே வந்தால் சுக்கானை நடுவில் நிறுத்தி, ஒரு படகு நீளத்துக்கு மேல் போகாமல், நின்று, மறுபடி முன்னே போக வேண்டும்.

ஹோர்ன்சுண்டின் உட்புறத்தில், பனியாற்று முகப்பிலிருந்து உதிர்ந்த நொறுங்கல் பனி நீர்ப்பரப்பை மூடியிருந்த ஒரு காலையில், இயந்திரத்தின் வெப்ப எச்சரிக்கை ஒலித்தது. குளிர்விக்கும் கடல்நீரை உறிஞ்சும் துளைவழியே பனிக்குழம்பு ஏறி வடிகட்டியை அடைத்திருந்தது. அதற்கென்று வைத்திருந்த ஏற்பாடு அன்று வேலைசெய்தது: இயந்திரத்திலிருந்து வெளியேறும் வெதுநீரின் ஒரு பகுதியை உள்ளெடுக்கும் பெட்டிக்கே திருப்பிவிடும் குழாயும் அடைப்பிதழும். அதைத் திறந்த சில நிமிடங்களில் பனி உருகி நீரோட்டம் சீரானது. இந்த அமைப்பு பனிக்கடல் மீன்பிடிக் கப்பல்களில் வழக்கமாக இருப்பது. ஒரு பிற்பகல் வேலையாகச் சிறிய படகிலும் பொருத்திவிடலாம். வடிகட்டியின் மூடி, கையுறையோடு திறக்கத்தக்கதாக இருக்க வேண்டும். இதைக் கரையில் கையுறை அணிந்து சோதித்துப் பார்ப்பது நல்லது.

நங்கூரமிடுவதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனெனில் நான்கு மணி நேரம் தொடர்ந்து கண்மூடத்தக்க இடம் அது ஒன்றே. ஸ்வால்பார்டில் நல்ல நங்கூரமிடம் என்பது காற்றுக்கு ஒதுக்கானது மட்டும் அன்று, பனிக்கும் ஒதுக்கானதாக இருக்க வேண்டும். நான் தேடுவது வாயிலில் ஆழம் குறைந்த திட்டு உள்ள சிறு குடா. வாயிலில் 3 மீட்டர் ஆழமும் உள்ளே 5 மீட்டரும் இருந்தால், என் படகை நசுக்கக்கூடிய பெரிய துண்டுகள் வாயிலிலேயே தரைதட்டி நின்றுவிடும். உள்ளே வரக்கூடியவை கழியால் தள்ளத்தக்க சிறு துண்டுகளே. பல நாடுகளின் கடலோடிகளும் விரும்பும் அழகிய பனியாற்று முகப்புக் குடாக்கள் உறங்குவதற்கு மோசமானவை. முகப்பு உடைந்து விழும்போது எழும் அலை ஒருபுறம்; மலைமேலிருந்து சரிந்து இறங்கும் குளிர்காற்று, வானிலை அறிக்கையில் இல்லாமலே 10 நாட்டிலிருந்து 35 நாட்டுக்கு ஏறிவிடுவது மறுபுறம். முகப்பிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி நின்று பார்த்துவிட்டு, வேறிடம் போய் உறங்க வேண்டும்.

கடல் வரைபடத்தையும் அளவாகவே நம்ப வேண்டும். பனியாறுகள் பின்வாங்கியதால், வரைபடத்தில் பனியாறு என்று காட்டப்பட்ட இடத்தில் இன்று நீர் இருக்கிறது. அந்த நீரின் ஆழத்தைப் பல இடங்களில் யாரும் அளந்ததில்லை. கருவித் திரையில் என் படகு பனியாற்றின் நடுவே மிதப்பதாகக் காட்டும்போது அது வேடிக்கையாக இருக்கிறது. கீழே முன்னாள் பனியாற்று முனை குவித்துவிட்டுப்போன கற்குவியல் இருக்கலாம் என்பதால் அந்த வேடிக்கை நீடிப்பதில்லை. நங்கூரம் கெல்ப் எனும் பெரும்பாசியில் விழுந்தால் பிடித்தது போலவே தோன்றும். பிறகு இரவில் வேரோடு பெயர்ந்து வரும். எனவே நங்கூரமிட்டபின் இயந்திரத்தைப் பின்னோக்கி வலுவாக இயக்கி ஐந்து நிமிடம் இழுத்துப் பார்க்காமல் நான் படுக்கைக்குப் போவதில்லை. சங்கிலி 60 மீட்டர். அதன் பிறகு நைலான் கயிறு. பனித்துண்டு சங்கிலியில் வந்து சாய்ந்தால் முதலில் வரும் ஒலி தாழ்ந்த உறுமல் போன்றது. அந்த ஒலி தலையணை வரை வரும்படி என் படுக்கையை அணியத்துக்கு நெருங்கி அமைத்திருக்கிறேன்.

கோடையில் இங்கே இரவு என்பதே இல்லை. ஸ்வால்பார்டின் பெரிய குடியிருப்பான லோங்யேர்பியனில் ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை சூரியன் மறைவதில்லை. தொடக்கத்தில் இது பெரும் வசதியாகத் தோன்றும்; எந்நேரமும் பனியைப் பார்க்கலாம், எந்நேரமும் பயணம் செய்யலாம். ஆனால் உடலுக்கு எப்போது நிறுத்துவது என்று சொல்ல எதுவும் இல்லாததால், களைப்பு அறியாமலே சேர்கிறது. யாரோ அறையில் மெல்லப் பேசுவது போன்ற குரல்கள், கண்ணோரத்தில் நிற்கும் உருவம் ஆகியவை தனியாகக் கடலோடுபவர்கள் பலருக்கும் நேர்பவை, எனக்கும் நேர்ந்திருக்கின்றன. அவற்றை நான் அஞ்சுவதில்லை, அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். குரல் கேட்டால் புதிய முடிவு எதையும் எடுப்பதில்லை. அருகிலுள்ள பாதுகாப்பான நீருக்குப் போய் உறங்குகிறேன். கடிகாரத்தை ஒரே நேர மண்டலத்தில் வைத்து, அந்த நேரப்படி சூடான உணவு உண்டு, கருப்புத் துணியால் சாளரங்களை மூடுகிறேன். செயற்கைக்கோள் தொலைபேசியில் அம்மா பனியைப் பற்றியோ கரடியைப் பற்றியோ கேட்பதில்லை. “தம்பி, சாப்பிட்டனியே, நித்திரை கொண்டனியே?” என்று மட்டும் கேட்பார். துருவக் கடல் வழிகாட்டி நூல்கள் பலவற்றைவிட அது பொருத்தமான கேள்வி.

நீரில் விழுவதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். குளிர்நீரில் விழுந்தவருக்கு மூச்சை அடக்கிக்கொள்ள ஒரு நிமிடம், கைகால் பயன்படும் பத்து நிமிடம், நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று ஒரு கணக்கு மீட்புப் பயிற்சிகளில் சொல்லப்படுகிறது. தானியங்கிச் சுக்கானில் ஓடும் படகிலிருந்து தனியாள் விழுந்தால் இந்த மூன்றும் பயன்படா, படகு போய்விடும். எனவே பாதுகாப்பு வாரின் நீளம், விழுந்தாலும் நீரைத் தொட முடியாத அளவுக்குக் குறுகியதாக இருக்க வேண்டும். வார் பிணைக்கும் கயிறு படகின் நடுவே ஓட வேண்டும், ஓரத்தில் அன்று.

காந்தத் திசைகாட்டி இங்கே சோம்பேறியாகிவிடுகிறது. புவிக்காந்தப் புலத்தின் கிடைப்பகுதிதான் முள்ளைத் திருப்புவது. காந்த நடுக்கோடு கடந்து செல்லும் தமிழ்நாட்டின் தென்முனையோடு ஒப்பிட்டால், ஸ்வால்பார்டில் அது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். காந்த உணரியை நம்பும் தானியங்கிச் சுக்கான் அலையில் பாம்புபோல் நெளிந்து செல்லும். மின்கலமும் விரைவில் தீரும். காற்றின் கோணத்தைக் கொண்டு இயங்கும் காற்றுச் சுக்கானுக்கு இந்தத் தொல்லை இல்லை. திறந்த கடலில் நான் நம்பி உறங்குவது அதைத்தான். காற்று திரும்பினால் படகும் திரும்பும் என்பதால், திசை மாறினால் ஒலிக்கும் எச்சரிக்கையைச் செயற்கைக்கோள் இடங்காட்டியிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

கரைக்குரிய விதிகள் பல. ஸ்பிட்ஸ்பெர்கனின் நடுப்பகுதியைத் தாண்டிச் செல்லும் பயணிகள் ஸ்வால்பார்ட் ஆளுநர் அலுவலகத்துக்கு முன்கூட்டியே பயணத்தைத் தெரிவித்து, தேடுதலுக்கும் மீட்புக்குமான காப்பீட்டையோ வங்கி உத்தரவாதத்தையோ காட்ட வேண்டும். 2025 தொடக்கத்திலிருந்து துருவக்கரடியிடமிருந்து 300 மீட்டர், மார்ச் முதல் ஜூன் முடிவு வரை 500 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது சட்டம். குடியிருப்புக்கு வெளியே செல்பவர் கரடியை விரட்டத் தக்க கருவி வைத்திருக்க வேண்டும். தனியாளின் நிலைமை இன்னும் நெருக்கடியானது: கரையில் இறங்கினால் காவலுக்கு ஆளில்லை, படகைப் பார்த்துக்கொள்ளவும் ஆளில்லை. ஆகவே நான் கரையிறங்குவது அரிது. இறங்கினாலும் சுற்றிலும் வெகுதூரம் தெரியும் சமவெளியில், குடிநீர் எடுக்கும் நேரம் மட்டுமே. 1897இல் அந்த்ரேயும் இரு தோழர்களும் பலூனில் ஏறி வடதுருவம் நோக்கிப் பறந்த விர்கோஹாம்னாவைப் படகிலிருந்தே பார்த்துவிட்டுப் போனேன். அங்கே இறங்கத் தனி அனுமதி வேண்டும்.

ஆய்வுக் குடியிருப்பான நீ-ஓலசுண்ட் பக்கம் போகிறவர்களுக்கு வேறொரு குறிப்பு. அங்குள்ள வானலை ஆய்வுக் கருவிகளைக் காப்பதற்காக, 20 கிலோமீட்டர் ஆரத்துக்குள் வைஃபை, புளூடூத் போன்றவற்றை அணைத்துவிட வேண்டும். கைப்பேசியோடும் கம்பியில்லாத் திரையோடும் வழிகாணப் பழகியவர்கள் குடாவுக்குள் நுழையும்போது திடீரென்று கையறு நிலைக்கு ஆளாகலாம். கம்பி இணைப்புள்ள கருவியோ காகித வரைபடமோ இருக்க வேண்டும். இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008இலிருந்து இங்கேதான் இயங்குகிறது. 2014இல் அங்குள்ள கொங்ஸ்ஃபியோர்டன் குடாவின் அடியில் இந்திய ஆய்வாளர்கள் இறக்கிய இண்ட்ஆர்க் என்ற கருவித்தொகுதி, மேற்குக் கரையைத் திறந்து வைக்கும் அதே வெதுநீரின் உள்நுழைவை அளப்பதற்கானது.

உதவி என்பது எவ்வளவு தொலைவு என்பதைக் கணக்கிட்டே செல்ல வேண்டும். ஆளுநர் அலுவலகத்தின் மீட்பு ஹெலிகாப்டர்கள் லோங்யேர்பியனில் உள்ளன. மூடுபனியில் அவையும் தாமதமாகலாம். புவிநிலைச் செயற்கைக்கோள்கள் இவ்வளவு வடக்கே அடிவானத்தையே ஒட்டியிருப்பதால், துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் இரிடியம் செயற்கைக்கோள்களே என் தொடர்பு. நாளுக்கு ஒருமுறை கரையிலுள்ள ஒருவருக்கு இடத்தையும் அடுத்த நங்கூரமிடத்தையும் அனுப்புகிறேன். அதோடு கடைசியாக எத்தனை மணி நேரம் உறங்கினேன் என்பதையும் எழுதுகிறேன். அந்த எண் இரண்டு நாள் தொடர்ந்து நான்குக்குக் கீழே இருந்தால், மறுபேச்சின்றி ஒரு நாள் நங்கூரத்தில் நிற்கச் சொல்லும் உரிமையை அவருக்குக் கொடுத்திருக்கிறேன். களைத்தவன் தன் களைப்பை எடைபோடத் தகுதியற்றவன் என்பதால் இந்த ஏற்பாடு.

திரும்பும் நாளையும் இதே கணக்குத்தான் தீர்மானிக்கிறது. ஆகஸ்ட் பிற்பகுதியில் பனி மிகக் குறைந்திருக்கும், வடகரையும் திறந்திருக்கும். ஆனால் அப்போது இரவு திரும்பிவிடுகிறது, நாளுக்கு நாள் விரைவாக நீள்கிறது. இருட்டில் குரோலரைக் காண வழியில்லை. விளக்கொளி மூடுபனியில் நம் கண்ணையே குருடாக்கும். செப்டம்பர் நெருங்க நெருங்கப் புயல்களும் வலுக்கின்றன. சோர்காப்புக்கும் கரடித் தீவுக்கும் இடையிலுள்ள ஆழமற்ற திட்டின்மேல் அலைகள் குறுகிச் செங்குத்தாக எழும். ஆகவே ஆகஸ்ட் 15க்குள் மேற்குக் கரையின் பெல்சுண்ட் குடாவிலிருந்து தெற்கே புறப்படாவிட்டால் தனியாகத் திரும்புவதில்லை என்று வைத்திருக்கிறேன். ஒரு கோடையில் தெற்குக் காற்று விடாமல் அடித்து அந்த நாள் கடந்தது. ட்ரொம்சோவிலிருந்து நண்பர் ஒருவரை விமானத்தில் வரவழைத்து, இருவருமாக முறைவைத்துக் காவல் காத்துத் திரும்பினோம். தனிப்பயணம் என்ற பெயர் அந்த ஆண்டு இல்லாமல் போனது. கரடித் தீவு வரை ஒவ்வொரு காவல்முறை மாற்றத்திலும் நான்கு மணி நேரம் அசையாமல் உறங்கினேன்.